ஒரே ஓர் இருக்கை

ஹட்பே என்ற தீவு ஊரின் ஹெலிகாப்டர் தளத்தில் ஆக்சிலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கடல் கொந்தளிப்பால் அந்த வாரம் முழுக்கக் கப்பல் இல்லை. ஹெலிகாப்டரிலோ இடமில்லை.

"சாப், எம் புள்ள செத்துருவா! போர்ட் பிளேர் கொண்டு போனாத்தான் பொழைப்பா!"

தாய் ரீத்தா ஒவ்வொரு பயணியையும் கும்பிட்டாள். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் நரைத்த தலைக்காரர் ஒருவர் பையோடு இறங்கினார்.

"என் சீட்டைக் குடுங்க. எனக்கும் இன்னைக்கு முக்கியமான வேலைதான். ஆனா உயிர் போனா வராதே."

போர்ட் பிளேரில் தனியாக இறங்கியதும் ஆக்சிலியா, "வலி போயிடுச்சு" என்று ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லிவிட்டு ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினாள்.

வலி என்று ஒன்று இருந்ததே இல்லை. அன்று நர்ஸ் வேலைக்கு நேர்காணல். வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா இந்த நடிப்புக்குச் சம்மதித்திருக்க மாட்டாள்.

ஜங்லிகாட் கடைத்தெரு நெரிசலைத் தாண்டி, மூச்சிரைக்க அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"இன்டர்வியூ இன்னைக்கு இல்லம்மா" என்றார் குமாஸ்தா. "இன்டர்வியூ எடுக்க வேண்டிய அதிகாரி சாப் ஹட்பேல மாட்டிக்கிட்டாரு. ஹெலிகாப்டர் சீட்டை யாரோ நோயாளிப் பொண்ணுக்குக் குடுத்துட்டாராம்."

ஆக்சிலியா வாசல் பக்கம் ஓரடி பின்வாங்கினாள்.

குமாஸ்தா கையிலிருந்த போனைக் காட்டினார். "இதோ, அவருதான் லைன்ல இருக்காரு. அந்தப் பொண்ணு எந்த ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேரலையாம். அவ அம்மா இவரு கையைப் பிடிச்சுக்கிட்டு கதறி அழறாங்களாம். தேடச் சொல்றாரு… ஆமா, நீ எந்த ஊரும்மா?"