துண்டுக்கடியில் காய்ந்தவை

மொட்டைமாடியில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நாளெல்லாம் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் தையல்காரி, புதுப் பருத்தி ஜட்டிகளை உதறி உதறி, ஊரே பார்க்கும்படி கொடியில் போடுகிறாள். மாதக்கணக்கான அரிப்பு, என்ன வியாதியோ என்று அவளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. "பயப்பட ஒண்ணுமில்லம்மா. இறுக்கமான நைலான், அதையும் துண்டுக்கடியில ஒளிச்சுக் காயவெச்சு ஈரத்தோட போட்டுக்கறீங்க" என்று டாக்டர் நேற்றுச் சொன்னதிலிருந்து அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஐயோ அண்ணி, மானம் போகுது!" என்று பதறுகிறாள் நாத்தனார். "போகட்டும்டி, அரிப்பும் கூடவே போகுதே." நாத்தனார் சிரிக்கவில்லை. கொடியின் கோடியில் தொங்கும் தன் துண்டையே பார்க்கிறாள். பிறகு அதற்கடியிலிருந்து ஈரமானதொன்றை உருவி வெயிலுக்குக் கொண்டுவருகிறாள். "எனக்கும்தான் அண்ணி, ரொம்ப நாளா." தையல்காரி கிளிப்பை நீட்டுகிறாள்.