அமலியின் எழுபது கிலோ

கடையில் படுத்துப் பார்த்த நான்காவது மெத்தையில்தான் சூசைராஜின் இடுப்பு அமிழாமல் நின்றது. முதல் மூன்றிலும் குழியில் விழுந்தவர் போலக் கிடந்தார். இதில் கண்ணை மூடியவருக்கு எழுந்திருக்க மனமில்லை.

ஆனால் எல்லா மெத்தைகளையும் போல இதுவும் படுப்பவரின் எடையை இரவில் அளந்து, தினமும் காலையில் அவருடைய வேலையிடத்துக்கு அனுப்பிவிடும். அவர் வேலை பார்க்கும் துறைமுகத்தில் நூற்றுப்பத்து கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் கிரேன் ஓட்டக் கூடாது. கிரேன் ஓட்டும் அவரோ நூற்றிருபத்தெட்டு.

"வேண்டாம் அமலி. எனக்குப் பாயே போதும்."

"சும்மா படுங்க," என்றாள் மனைவி.

இருவர் படுத்தால், மனைவி பதிந்த எடையைக் கழித்துவிட்டு மீதியைத்தான் மெத்தை கணவர் பெயரில் அனுப்பும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஐம்பது கிலோ அமலி, படிவத்தில் எழுபது என்று எழுதினாள்.

"எழுபதா? நீ காத்தடிச்சா பறந்துருவியே!"

"அதான் ஒங்களப் பிடிச்சிக்கிட்டுத் தூங்குறேன்."

தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று படிவத்தில் எழுபதைப் பார்த்த சுகாதார அலுவலகத்திலிருந்து அடுத்த வாரமே அமலிக்கு உத்தரவு வந்தது. அவர் குறட்டை விட்டுத் தூங்கும்போது அவள் கடற்கரைச் சாலையில் நடந்தாள்.

மூன்று மாதத்தில் நான்கு கிலோ மெலிந்தாள். அதே நான்கு கிலோவைக் குறைத்ததற்காகத் துறைமுகத்திலிருந்து சூசைராஜுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.