கீறல் விழாமல்

"வளையலக் கழட்டு."

கழற்றினாள். மோதிரமும் கூடாதாம். புதுப் பெயிண்டில் உரசினால் போச்சு.

அவன் தன் வாட்சைக் கழற்றினான். பெல்ட்டை உருவினான். பொத்தான்கூடக் கீறிவிடும் என்று சட்டையையும் கழற்றிச் சுவரில் போட்டான்.

எதிர்வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் மூன்று பேர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். துணி ஒரு வாளிதான்.

கீழே அந்தப் பழைய பிளிமத் கார். புதுசாக்குகிறேன் என்று வருஷக்கணக்காக உயிரை வாங்குகிறான். கார் இல்லை, கப்பல். ஷெட்டில் மூக்கை நுழைத்தால் வால் கேட்டை முட்டும். இன்று பின்பக்கத்து வேலை. வாலோரம் ஆள் நிற்க வேண்டுமென்றால் கேட்டைத் திறந்தாக வேண்டும்.

மற்ற நாளில் பூட்டியிருக்கும். சாவி அவன் இடுப்பில்.

கார்த்திகையில் ஒருதரம் அவள் சுவரேறிக் குதித்தாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தான். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

மாடியிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

இன்றைக்கு மாட்டுகிற குரோம் பட்டை ஆளுயரம் இருக்கும். கதவு முடிகிற இடத்திலிருந்து பின்விளக்கு வரை ஓடுகிற வெள்ளிக் கோடு. காரில் கிளிப்புகளை வரிசையாக மாட்டி வைத்திருந்தான். முன்னாலிருந்து ஒவ்வொன்றாக அவன் அழுத்திக்கொண்டு வர வேண்டும். வால் முனையை அவள் தூக்கிப் பிடிக்க வேண்டும். கை தளர்ந்தால் பட்டை மடங்கும். மடங்கினால் நிமிராது.

முதல் பட்டை அப்படித்தான் போனது.

அன்றைக்கு அவளைக் காரைவிட்டுத் தள்ளி, மோட்டார் ரூம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த்தான் அடித்தான். ரத்தம் பெயிண்டில் தெறிக்கக் கூடாதே. நெற்றியைச் சுவரில் மோதினான். பட்டையைப் பிடித்த விரல் எது என்று கேட்டு, அந்த விரல்களின் மேல் சுத்தியலைப் போட்டான். அவற்றில் இரண்டு இன்றைக்கும் மடங்குவதில்லை.

இந்தப் பட்டையைக் கல்கத்தாவில் தேடிப் பிடித்தானாம். இதுவும் போனால் இனிமேல் கிடைக்காது என்று தெருவுக்கே சொல்லியிருக்கிறான்.

ரப்பர் சுத்தியலுக்குப் பழைய பனியனை எடுத்துப் பதமாகச் சுற்றினான்.

"அவ விரல்ல போட்டப்ப இந்தப் பனியன் எங்க போச்சுங்களாம்?" என்றாள் எங்களில் கீழ்வீட்டுக் கமலவேணி.

கீழே அவள் முனையைப் பிடித்துக் குனிந்தாள். தாலிச் செயின் முன்னால் விழுந்து ஆடியது.

"அதையுந்தான்," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"காதுல விழல? கீறல் விழுந்துச்சு, உன்னக் கொன்னு இந்த டிக்கிலயே வச்சிருவேன்."

சும்மா சொல்கிற ஆளில்லை.

கழற்றினாள். இடது கைக்குள் மூடிக்கொண்டாள்.

கமலவேணி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

டக்.

முதல் கிளிப். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

டக். டக்.

ஒவ்வொன்றுக்கும் மூடித் திறந்தாள்.

பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி அழுத்திக்கொண்டு வந்தான். பாதி முடிந்தது.

அவள் திரும்பித் தெருவைப் பார்த்தாள். பிறகு மேலே, எங்களைப் பார்த்தாள்.

எங்களில் ஒருத்தி தலையைத் தெருப்பக்கம் லேசாக அசைத்தாள். நான் இல்லை என்றுதான் இன்றுவரை மூன்று பேரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவள் இடது கையைத் திறந்தாள். செயினை டிக்கியின் மேல் வைத்தாள். சத்தமே இல்லை.

"புடிச்சுக்குங்க," என்றாள்.

அவன் கை தானாக நீண்டு பட்டையைப் பிடித்தது.

அவள் கேட்டைத் தாண்டினாள். வெறுங்கால்.

அவன் இரண்டு கையையும் அகல விரித்து, மார்பைக் காரோடு ஒட்டி, அறைந்து வைத்தாற்போல நின்றான். கழுத்தை அறுப்பேன் என்றான். காலை முறிப்பேன் என்றான். அவள் அம்மாவையும் அக்காவையும் இழுத்தான். தொண்டை நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது.

பட்டையை மட்டும் விடவில்லை.

முக்கில் ஓர் ஆட்டோ நின்றது. கிளம்பியது.

டக்.

டக்.

மிச்சக் கிளிப்புகளை ஒற்றை ஆளாக அழுத்தி முடித்தான். அவசரப்படவில்லை.

பிறகு செயினை எடுத்துப் பான்ட் பையில் போட்டுக்கொண்டான். அது இருந்த இடத்தை எச்சில் தொட்டுத் தேய்த்தான். குனிந்து, கன்னத்தை டிக்கியோடு ஒட்டவைத்து, வெயிலுக்கு எதிராகப் பார்த்தான்.

நாங்களும் கைப்பிடிச்சுவருக்கு வெளியே கழுத்தை நீட்டிப் பார்த்தோம்.

கீறல் விழுந்ததா என்று மாடியிலிருந்து தெரியவில்லை.