உறுத்தாத கத்தி

"இதை உங்க இடுப்புல மாட்டிக்கிட்டு அந்த முக்காலியில ஒரு தடவை உக்காருங்கண்ணே, பாக்கலாம்."

கடைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். துறைமுகத்தை ஒட்டிய தெருவில் கத்திக்கடை வைத்துத் தலை நரைத்தவர் அவர். கட்டை விரலால் கூர் பார்த்தவர்கள் உண்டு, தாளை அறுத்துப் பார்த்தவர்கள் உண்டு. விற்கிறவரையே உட்காரச் சொன்னவள் இந்தப் பெண்தான்.

"மாட்டிக்கப் போறவரையே கூட்டிட்டு வரலாமேம்மா?"

"அவருக்கு இப்பத் தெரியக் கூடாது. அச்சு அசல் உங்க உடம்புவாகுதான். இதே தொப்பை."

தொப்பை என்ற சொல் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் கடையில் ஈயாடாத மத்தியான நேரம். பெல்ட்டில் உறையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிடி விலாவில் இடித்தது.

"குத்துதா?"

"லேசா."

"அப்ப வேண்டாம். இன்னிக்கு லேசாக் குத்தினா நாளைக்குக் கழட்டி மூலையில வெச்சுடுவார். இடுப்புல கத்தி இருக்குங்கிற நெனைப்பே வரக் கூடாது. அப்பத்தான் தினமும் மாட்டுவார்."

கடைக்காரருக்கு அவள் மேல் சட்டென்று ஒரு மரியாதை வந்தது. இந்த ஒரு விஷயத்தைப் படகுக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"மடக்குக் கத்தி பாக்குறீங்களா? அது பாட்டுக்குப் பாக்கெட்டுல கெடக்கும்."

"ஈரக் கையில அதைத் திறக்க முடியுமா?"

"முடியாது" என்று ஒப்புக்கொண்டு, அடுத்த கத்தியை எடுத்து மாட்டினார். குனியச் சொன்னாள். குனிந்தார். கத்தி உறையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அவள் அவருடைய பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த எடம் மட்டும் ஏண்ணே தேஞ்சு பளபளன்னு இருக்கு?"

"அந்த வயித்தெரிச்சலை ஏம்மா கேக்குறீங்க? என் சொந்தக் கத்தி இருந்த எடம் அது." சுவரில் முழங்கை நீளத்துக்குத் தொங்கிய ஒன்றைக் காட்டினார். "அந்த வாளைச் சாணை பிடிக்கக் கொண்டு வந்தான் ஒருத்தன். இதை மாட்டிக்கிட்டு எப்படிய்யா குனியறேன்னு கேட்டேன். மாட்டுறதே இல்ல, படகுல ஒரு ஓரமாக் கெடக்குன்னான். எனக்கு அன்னிக்குப் புத்தி எங்க போச்சோ! என் இடுப்புல இருந்ததை உறையோட கழட்டி, இது தயாராகிற வரைக்கும் இதை மாட்டிக்கன்னு குடுத்துட்டேன். போனவன் போனவன்தான். இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கல. வாளை அடகு வெச்சுட்டு என் கத்தியை அமுக்கிட்டான், எமகாதகன்!"

அவள் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அது எப்படி இருக்கும்ணே, உங்க கத்தி?"

கேட்டதும் அவர் முகம் பிரகாசமானது. "விரல் நீளம்தான் அலகு. நெட்டுக்குத்தலாத் தொங்காது, பக்கிள் பக்கத்துல குறுக்காப் படுத்திருக்கும். உக்காந்தாலும் குத்தாது, குனிஞ்சாலும் விழாது. எந்தக் கையாலயும் உருவலாம். அது இல்லாம நடக்குறப்ப, சட்டை போடாமத் தெருவுக்கு வந்துட்ட மாதிரி இருக்கும்மா."

"அப்ப அதே மாதிரி ஒண்ணு எடுங்க."

உள் அலமாரியைக் குடைந்து கிட்டத்தட்ட அதே வார்ப்பில் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். உட்கார்ந்தார், குனிந்தார், அவள் சொன்னதற்காக ஏணியிலும் நாலு படி ஏறி இறங்கினார். எங்கும் உறுத்தவில்லை.

"கடைசியா ஒண்ணு. உங்க வலது கையை நான் பிடிச்சுக்கறேன். இடது கையால உருவுங்க."

விளையாட்டுக்குப் பிடிக்கிற பிடியாக அது இல்லை. இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். கத்தி இடது கையில் அலுங்காமல் வந்தது. அவள் நீளமாக மூச்சு விட்டாள்.

"அப்படி யாருக்கும்மா இந்தப் பாடு?"

"எங்க குடும்பத்துக்கே பெரிய உபகாரம் பண்ணினவர். பண்ணினது அவருக்கே தெரியாது."

"குடுத்து வெச்ச மனுஷன்!" கடைக்காரர் மனசாரச் சொன்னார். "உங்கள மாதிரி நன்றியுள்ளவங்களும் இருக்கத்தான் செய்யறாங்க. எனக்கு வந்து வாய்ச்சவனைப் பாருங்க!"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. மேஜை மேல் பணத்தை வைத்துவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

"ஏம்மா, கத்தியை விட்டுட்டுப் போறீங்களே!" கடைக்காரர் பதறிப்போய் பெல்ட்டை அவிழ்க்கப் போனார்.

"கழட்டாதீங்கண்ணே, அது உங்களுக்குத்தான்" என்றாள் வாசற்படியில் நின்று. "மொதல்லயே சொல்லியிருந்தா எதுவும் வேண்டாம்னிருப்பீங்க. உங்க பழைய கத்தி கடலுக்கடியில கெடக்கு. வலைக்கயிறு காலை வலது கையோட சேத்துச் சுத்தித் தண்ணிக்குள்ள இழுத்தப்ப, இடது கையால அதை உருவி அறுத்துக்கிட்டு வந்த அந்த எமகாதகன், கால்ல கட்டோட எங்க வீட்டுக் கட்டில்ல உயிரோட படுத்திருக்கார்."