விழுந்த இடம்

காஞ்சிபுரத்தில் மனநல கிளினிக் திறந்து ஒரு மாதமாகியும் டாக்டர் குலசேகரனிடம் ஒருவரும் வரவில்லை. வந்தால் பைத்தியக்காரப் பட்டம் கிடைத்துவிடும் என்று ஊருக்குப் பயம். சென்னைக்கே திரும்பிவிடலாம் என்று அவர் முடிவு செய்திருந்தபோது தணிகாசலம் வந்தார். தறி நெய்பவர், பகுத்தறிவு மன்றப் பேச்சாளர்.

“தலையில பல்லி விழுந்துச்சு டாக்டர். விழுந்தா சாவுன்றாங்க. அதெல்லாம் புரட்டுன்னு மேடையில நானே பேசிக்கினு இருக்கேன். ஆனா தூக்கம் வரமாட்டேங்குது.”

டாக்டருக்கு உற்சாகம் பிறந்தது. “பயம் மூளையில ஒரு சின்ன இடத்துல உண்டாகுதுன்னு வெளிநாட்டு ஆராய்ச்சியில...”

“சரிதான். விழுந்த இடத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க.”

தொட்டார்.

“நல்லா அழுத்திப் பாருங்கப்பா.”

அழுத்திவிட்டு, மூளையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். தணிகாசலத்தின் முகம் தெளிந்திருந்தது.

“பயம் போயிடுச்சு டாக்டர்.”

“பாத்தீங்களா, இதுதான் விஞ்ஞானம்.”

தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். “போன வெள்ளிக்கிழமை வரதராஜர் கோயில்ல உங்கம்மாவோட போய்த் தங்கப் பல்லியைத் தொட்டீங்களாமே. தொட்டவங்க கை பட்டா தோஷம் போயிடும். நானே கோயிலுக்குப் போனா மன்றத்துல மானம் போயிடும். இங்க வந்து பைத்தியம்னு பேர் வாங்கினா பரவாயில்லை.”

டாக்டர் அன்றிரவே பெட்டியைக் கட்டினார்.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் கூட்டம். முதல் ஆளாக மன்றத் தலைவர் நின்றிருந்தார்.

“எனக்குத் தோள்ல விழுந்துச்சு டாக்டர்.”

டாக்டர் கையை நீட்டினார்.