விஷம் தின்ற எலிகள்

எலி சொன்னதைக் கூகை நம்பவில்லை. அதனால் ஒரு குஞ்சு போனது.

வரப்பில் தள்ளாடிய எலி, "தாயே, வயற்காரன் வைத்த விஷச் சோற்றைத் தின்னுட்டேன். என்னைத் தூக்காதே," என்றது.

"பிடிபட்டவன் எவன் உண்மை பேசினான்? போன வாரம் ஒருத்தன் தனக்குச் சொறின்னான்," என்றது கூகை. தூக்கிப்போய்ப் பெரிய குஞ்சுக்கு ஊட்டியது. அது அன்றே செத்தது.

மறுநாள் அந்தியில் இன்னொரு எலி தள்ளாடி வந்தது. "நானும் தின்னவள்தான்," என்றது.

"பட்டினி கிடந்தாலும் என் சின்னது சாகத்தானே போகுது? வாடி இங்கே," என்று கூகை பாய்ந்தது.

எலி வளைக்குள் புகுந்து, உள்ளிருந்தே மண்ணைத் தள்ளி வாசலை இறுக அடைத்துக்கொண்டது. கூகை பிராண்டிப் பிராண்டித் திட்டியது. வேறு வழியில்லாமல் வெட்டுக்கிளி பிடித்து ஊட்டியது.

சின்னக் குஞ்சு பிழைத்தது. பிழைக்க வைத்து வளைக்குள்ளேயே விஷத்தில் செத்தவள், முதல் நாள் கூகை தூக்கிப்போன எலியின் பெண்டாட்டி.