நவநீதன் செட்டு மேல் ஒரு புகார்

போன ஆடித் திருவிழாவில், கோயிலுக்கு வந்தவர்கள் தங்கும் மாந்தோப்பு முகாமில், கமலத்தின் மேல் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு ஓடியவர் அவள் புருஷன்தான். அப்போதெல்லாம் யாரும் கேட்டு ஊற்றியதில்லை.

அப்படிக் கேட்காமல் ஊற்றியதில் பலருக்குள் சண்டை மூண்டு, இந்த வருஷம் விதி வந்துவிட்டது. சம்மதம் கேட்காமல் யார் மேலும் ஊற்றக்கூடாது. ஒரு புகார் நிரூபணமானாலும் மஞ்சள் நீராட்டே ரத்து. புகார்ப் பெட்டிக்குப் பொறுப்பு எழிலரசி டீச்சர்.

மதியம் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. 'நவநீதன் செட்டு ஏழு பேர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படிக்கு, கமலம்.'

எழிலரசி சீட்டோடு கிளம்பினாள். ஏழு பேரையும் குடத்தோடு நிறுத்தி, கமலத்தை வரவழைத்தாள்.

"சத்தியமா நாங்க ஊத்தல டீச்சர்," என்றான் நவநீதன்.

"அப்போ கமலம் அத்தை பொய் சொல்றாங்களா?"

"அவன் சொல்றது நெசந்தான் டீச்சர். எவனும் ஊத்தல. அதான் புகாரே," என்றாள் கமலம். "எங்க வூட்டுக்காரரு தை மாசம் போய்ச் சேந்துட்டாரு. இதுங்க என்னைப் பாத்தா குடத்தை மறைச்சிக்கினு நழுவுதுங்க. மஞ்சள் எனக்கு ஆகாதுன்னு இதுங்களே முடிவு பண்ணிக்குமா? ஒரு வார்த்தை கேட்டா இன்னா?"

எழிலரசி விதியை மறுபடி படித்தாள். பிறகு, "கேளுங்கடா," என்றாள்.

ஏழு குடங்கள் முன்னால் வந்தன.

"ஊத்தலாமா அத்தை?"

கமலம் ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்தாள்.

"வேணாம்ப்பா. எனக்குச் சளி."

அன்று முகாமில் நனையாத புடவை அது ஒன்றுதான்.